குடை, கவசம், கொஞ்சம் வெளிக்காற்று

வாசகர் கேள்வி-பதில்

2021இல் கொரோனாவுக்காக இலங்கையில் மே 21 இரவு போட்ட பயணக் கட்டுப்பாடு ஜூன் 21 அதிகாலை தளர்ந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டன. வெளியே போக விடுகிறார்கள், ஆனால் மழை. மழை விட்டால் வெயில். இரண்டுக்கும் நடுவே எப்படி நடப்பது? எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கொழும்பில் நடப்பவருக்கு மழை பெரிய எதிரி அல்ல. பகல் 11 மணி வெயிலும், மின்னலும், அடி தெரியாத வெள்ளமும்தான் எதிரிகள். இனிக் கடிதங்கள்.

பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஐந்து வயதும். மூன்றாம் மாடி பிளாட். காலையில் தொடங்கும் ஒன்லைன் வகுப்பு மதியம் வரை போகிறது, பிறகும் கையில் போன்தான். மழை விட்டதும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் அது விடுவதாக இல்லை. மழையில் நனைந்தால் தடிமன் வரும், இந்த நேரத்தில் தடிமன் வந்தால் எல்லோரும் கொரோனா என்று ஒதுங்குவார்கள் என்கிறார் அம்மம்மா. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

மழை முழுதாக விடட்டும் என்று காத்திருந்தால் செப்டெம்பர் முடிந்துவிடும். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை உண்டு. ஆனால் அது நாள் முழுக்க ஒரே சீராகக் கொட்டுவதில்லை. இருபது நிமிடம் அடிக்கும், ஒரு மணித்தியாலம் ஓயும், மறுபடி வரும். அந்த ஓய்வுக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். அதற்கு ஒரே வழி, பையைக் கட்டிக் கதவருகே தயாராக வைத்திருப்பது. மழை விட்ட பிறகு துவாயைத் தேடி, சப்பாத்தைத் தேடி, கவசத்தைத் தேடினால் அடுத்த மழை வந்துவிடும்.

அந்தப் பைக்குள் இருக்க வேண்டியவை: ஒரு சிறு துவாய், ஆளுக்கொரு மாற்று ரீசேர்ட், ஆளுக்கு இரண்டு முகக்கவசம், ஆளுக்கு அரை லீற்றர் தண்ணீர், ஒரு சின்னப் போத்தல் சனிடைசர், நனைந்ததைப் போட வெறும் பொலித்தீன் பை ஒன்று. துவாயையும் மாற்று உடுப்பையும் தனிப் பொலித்தீனில் முடிந்து வையுங்கள். கவசங்களுக்குக் கடதாசி உறை நல்லது. பொலித்தீனுக்குள் கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் அது அங்கேயே தங்கி, கவசம் பிசுபிசுத்துவிடும்.

அம்மம்மா சொல்வதற்கு வருவோம். தடிமனைத் தருவது வைரஸ். அது இன்னொரு மனிதரிடமிருந்து வருகிறது, மேகத்திலிருந்து அல்ல. கொழும்பு மழையில் வெப்பநிலை பெரும்பாலும் 24 பாகைக்குக் கீழே போகாது. ஓடியாடும் பிள்ளைக்கு அது குளிர் இல்லை. ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு பகுதி சரி. நனைந்த உடுப்போடு வந்து ஏசி அறையிலோ விசிறிக்குக் கீழேயோ உட்கார்ந்தால் உடம்பு விறைக்கும், பிள்ளைக்குச் சோர்வு வரும். ஆகவே தலையைத் துவட்டி உடுப்பை மாற்றுவது வீட்டு வாசலிலேயே முடிந்துவிட வேண்டும். அம்மம்மாவிடம் அந்தப் பொறுப்பையே கொடுத்துவிடுங்கள். துவாயோடு வாசலில் நிற்பவருக்குக் கோபம் குறைவாக வரும்.

போனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான் எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வீட்டு மின்விளக்கின் கீழ் வெளிச்சம் சுமார் 200 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான். வெளியே சாதாரண மப்பு நாளில்கூட அது 10,000 லக்ஸ் அளவுக்கு வரும். கருமேகம் மூடினாலும் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுவதில் இந்த வெளிச்சத்துக்குப் பங்குண்டு என்பதால்தான் தாய்வானில் 2010 முதல் பாடசாலைப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் நடக்கிறது. இரண்டு மணித்தியாலத்தை ஒரே தடவையில் கொடுக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு முன் 30 நிமிடம், மாலையில் 60, நடுவே மொட்டைமாடியில் 30 என்று பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான். ஜன்னலோரம் உட்காருவது இதற்கு ஈடாகாது. ஜன்னலிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே தள்ளினாலே வெளிச்சம் வெகுவாக விழுந்துவிடும்.

மழையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தால் அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுங்கள். பக்கம் நேராக உள்ளதாகப் பாருங்கள், இடுப்பு ஒடுங்கிய போத்தல் சரிவராது. கழுத்து வளையத் தொடங்கும் இடத்தில் சுற்றி வெட்டி, வெட்டிய மேல் துண்டைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அது மறையும் வரை சிறு கற்களைப் போட்டு, நேரான பக்கம் தொடங்கும் இடம் வரை தண்ணீர் விட்டு, அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி தயார். மொட்டைமாடியில் சுவரை ஒட்டி வைத்தால் சாய்ந்து வரும் மழையைச் சுவர் மறைத்துவிடும். சுவரின் உயரத்தைப் போல இரு மடங்காவது தள்ளி, காற்றில் சாயாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்குப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஒரு நாள் மழைக்கணக்கு முடிவதும் அந்த நேரத்தில்தான், செய்தியில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். மூத்தவர் அதைப் பெருக்கிப் பார்த்து மொட்டைமாடியில் எத்தனை வாளி விழுந்தது என்று சொல்வார். எழுதி முடித்ததும் தண்ணீரைப் பூச்சியக் கோடு வரை ஊற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறை கல்லையும் எடுத்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மழைமானி நுளம்புப் பண்ணையாகிவிடும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு 7 முதல் 10 நாள் போதும்.

வீடு திரும்பியதும் கவசத்தைக் காதுப் பட்டியைப் பிடித்துக் கழற்றி, கையைச் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கழுவட்டும். சனிடைசர் வழியில் மட்டும். நனைந்த கையிலோ சேற்றுக் கையிலோ அதைப் பூசினால் நீர்த்துப்போய் வேலை செய்யாது. முதலில் துவாயில் துடைத்துவிட்டுப் பூசுங்கள். ஐந்து வயதும் அதற்குக் குறைந்தவர்களும் கவசம் போட வேண்டிய அவசியமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. சின்னவரை வற்புறுத்தாமல் கூட்டமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

நல்ல விலை கொடுத்து "காற்று போகும்" மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன். அரை மணித்தியாலம் நடந்தால் உள்ளே தொப்பலாக நனைந்துவிடுகிறேன். ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், நுகேகொடை

ஏமாற்றவில்லை, ஊர் மாறிவிட்டது. அந்த வகைத் துணி, உள்ளே உள்ள நீராவியை வெளியே உள்ள உலர்ந்த காற்றுக்குத் தள்ளித்தான் வேலை செய்யும். கொழும்பில் மழை நேரத்து ஈரப்பதன் 90 சதவீதத்தைத் தாண்டும், வெப்பமோ 27, 28 பாகை. வெளியே இடம் இருந்தால்தானே வியர்வை ஆவியாகிப் போகும்! உள்ளேயே நீராகி வழிகிறது. கடுங்குளிர் ஊரில் அதே கோட்டு சொன்னபடி வேலை செய்யும். பிவிசி கோட்டு இன்னும் மோசம், நடமாடும் ஆவிக்குளியல்.

இங்கே நடைக்கு ஏற்றது குடை. காற்று பலமாக இருந்தால் பக்கம் திறந்த பொஞ்சோ. உள்ளே பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் காயாது, தொடையையும் உராய்ந்து புண்ணாக்கும். மெல்லிய பொலியெஸ்டர் ரீசேர்ட்டும் முழங்காலுக்கு மேலே நிற்கும் காற்சட்டையும் போதும். நனையும், ஆனால் விசிறிக்குக் கீழே சீக்கிரம் காய்ந்துவிடும். கோட்டை மோட்டார் சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவருக்கு வியர்வை குறைவு, காற்று அதிகம், அங்கே அது பிரயோசனப்படும்.

குடை வாங்கும்போது விரித்து, கம்பிகள் மடியும் மூட்டுகளைப் பாருங்கள். உடைவது அங்கேதான். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்புக் கம்பியை விட்டு ஃபைபர்கிளாஸ் கம்பி எடுப்பது நல்லது. உப்புக்காற்று ஒரு பருவத்திலேயே இரும்பைத் தின்றுவிடும். மரைன் டிரைவில் நடந்து வந்தால் குடையை ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசி விரித்துக் காயவிடுங்கள். அங்கே இந்தப் பருவத்துக் காற்று தென்மேற்கிலிருந்து, கடலிலிருந்து வருகிறது. பம்பலப்பிட்டியில் இறங்குபவர் முதலில் வெள்ளவத்தைப் பக்கம் காற்றை எதிர்த்து நடந்துவிட்டு, களைத்தபின் காற்று முதுகில் தள்ளத் திரும்பலாம். மாற்றிச் செய்தால் திரும்பும் வழி தண்டனையாகிவிடும். குடை வெளிப்பக்கம் மடிந்துவிட்டால் கம்பிகளைக் கையால் இழுக்காதீர்கள். குடையின் உச்சியைக் காற்றுக்கு நேரே திருப்புங்கள், காற்றே அதைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும்.

காலுக்கு, பின்பட்டி உள்ள ரப்பர் சாண்டல். தேய்ந்த பாட்டா வேண்டவே வேண்டாம், ஈரத் தரையோட்டில் அது சறுக்குப் பலகை. சப்பாத்துத்தான் பழக்கம் என்றால், வந்ததும் உள்ளடி அட்டையை வெளியே எடுத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி முனைவரை திணியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் தாளை மாற்றி, இரவு படுக்கும்போது மறுபடி மாற்றினால் காலைக்குப் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். அடுப்பருகே வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும். இரண்டு சோடியை மாற்றி மாற்றிப் போடுவது எல்லாவற்றையும்விட நல்லது. ஒரே சோடியை ஈரத்தோடு போட்டால் கால்விரல் இடுக்கில் படை வர இடமுண்டு.

மூக்குக்கண்ணாடி, முகக்கவசம், குடை. மூன்றும் சேர்ந்தால் எனக்குக் கண் தெரியவில்லை.
– பம்பலப்பிட்டி

கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுக் கழுவி, துடைக்காமல் உதறிக் காயவிடுங்கள். மெல்லிய படலம் ஒன்று தங்கி, ஆவி துளியாகத் திரள்வதைத் தடுக்கும். சில மணித்தியாலம் தாங்கும். கவசத்தின் மேல் விளிம்புக் கம்பியை இரண்டு விரலால் மூக்கெலும்பின் இரு பக்கமும் அழுத்துங்கள். ஒரு விரலால் நடுவில் மட்டும் அழுத்தினால் பக்கங்களில் இடைவெளி விழும், மூச்சு அதன் வழியே மேலேறும். இடைவெளி மிஞ்சினால் டிஷ்யூத் தாளை ஒடுக்கமாக மடித்து மூக்குக்குக் குறுக்கே உள்ளே வையுங்கள். நனைந்த கவசத்தை உடனே மாற்ற வேண்டும். ஈரத் துணி வழியே மூச்சு இழுப்பது கடினம், காற்று பக்கங்களால் புகும். வெளியே கவசம் அணிவது 2020 ஒக்டோபர் வர்த்தமானிப்படி அப்போது கட்டாயமாக இருந்தது. கவசத்தோடு போனால், கழற்ற வேண்டி வரும் அளவுக்கு வேகமாக நடக்காதீர்கள்.

எங்கள் கட்டடத்தில் ஆறு குடும்பங்கள், ஒரே மொட்டைமாடி. பத்து மீற்றருக்கு ஆறு மீற்றர் இருக்கும். மறுபடி ஊரடங்கு வந்தால் அங்கேதான் நடக்க வேண்டும். போன தடவை நடந்தபோது ஒரு முழங்கால் நோகத் தொடங்கியது. பாசியில் ஒருவர் விழுந்தும்விட்டார்.
– கொட்டாஞ்சேனை

முதலில் கணக்கு. கைச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே தள்ளி நடந்தால் ஒரு சுற்று 24 மீற்றர். 42 சுற்று ஒரு கிலோமீற்றர். எண்ணுவதற்குச் சட்டைப்பையில் 21 புளியங்கொட்டை: இரண்டு சுற்றுக்கு ஒன்றாக வலப்பையிலிருந்து இடப்பைக்கு மாற்றுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நடப்பதைவிட இது பத்திரம்.

முழங்கால் நோவுக்குக் காரணம் நடந்த தூரத்தைவிட, ஒரே பக்கமாகத் திரும்பியதாக இருக்கலாம். ஒரு சுற்றில் நான்கு மூலை. ஒரு கிலோமீற்றரில் 168 தடவை ஒரே பக்கம் திரும்பியிருக்கிறீர்கள், அதுவும் கொங்கிறீட்டில். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள், அல்லது எட்டு வடிவில் நடங்கள். மூலையைச் சட்டென்று வெட்டாமல் வளைத்துத் திரும்புங்கள். வெறுங்காலோடு வேண்டாம், மெத்தென்ற அடிப்பகுதி உள்ள சப்பாத்துப் போடுங்கள்.

பாசிக்கு: வெளிறல் திரவம் (பிளீச்) ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. மழை இல்லாத நாளில் ஊற்றி 15 நிமிடம் விட்டு, தும்புக்கட்டையால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறையும் பழைய உடுப்பும் போட்டுக்கொள்ள வேண்டும், பூச்சாடிகளை முதலே ஒதுக்கிவிட வேண்டும். இதோடு கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொல்வார்கள். சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். எந்த நிலையிலும் சேர்க்காதீர்கள். தண்ணீர் வடியும் துளையில் இலை அடைபட்டால் இரண்டு வாரத்தில் பாசி திரும்பிவிடும். அந்தத் துளையைத் துப்புரவாக வைப்பதுதான் உண்மையான மருந்து.

ஆறு குடும்பத்துக்கும், குடும்பத்துக்கு 40 நிமிடம் என்று படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். காலை 6 முதல் 9 வரையும் மாலை 4.30 முதல் 6.30 வரையும் ஐந்து மணித்தியாலம், எல்லோருக்கும் தாராளமாக வரும். மாடிக்குப் போகும்போது கவசத்தை வாசலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஆபத்து மாடியில் இல்லை, காற்றோட்டமில்லாத படிக்கட்டில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வந்தால் கைச்சுவருக்கு அருகே கதிரை, வாளி, பூச்சாடி எதுவும் இருக்கக்கூடாது. ஏறி நிற்க அவர்களுக்கு அது போதும்.

அப்பாவுக்கு 72 வயது. சீனி வியாதியும் பிரஷரும் உண்டு. முன்பு காலி முகத்திடலில் தினமும் நடப்பார். இப்போது ஒரு மாதம் கதிரையிலேயே இருந்துவிட்டார். மறுபடி எப்படித் தொடங்குவது, எத்தனை மணிக்கு?
– ஒரு மகள், தெஹிவளை

மணியைவிட நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் அவரைவிட நீளமாக இருந்தால் நடக்கலாம். குட்டையாகிவிட்டால் வீட்டுக்கு. ஏப்ரலில் காலை 9.10 அளவில் நிழலும் ஆளும் சமமாகும், டிசம்பரில் 9.50 வரை போகும், பருவத்துக்குப் பருவம் நிழலே சொல்லிவிடும். மப்பு நாளில் நிழல் விழாது, ஆனால் மெல்லிய மேகம் புறஊதாக் கதிரைப் பெரிதாக மறைப்பதில்லை. அன்றைக்கு மணிக்கூட்டைப் பார்த்து 9க்குள் திரும்பட்டும்.

முதல் வாரம் பழைய தூரத்தை நினைக்கவே வேண்டாம். 10 நிமிடம், சமதரை, காலையும் மாலையும். இரண்டாம் வாரம் 15. வேகம்: நடக்கும்போது முழு வசனம் பேச முடிய வேண்டும். பாதி வசனத்தில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது.

சீனி வியாதிக்காரருக்கு மழைக்காலத்தில் கால்தான் கவலை. நனைந்த காலுறையோடு அரை மணித்தியாலம் நடந்தால் தோல் ஊறி மெலியும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. உலர்ந்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். வந்ததும் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, உள்ளங்காலை நீங்கள் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். அவரிடம் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக்கூடாது. பையில் மூன்று தேக்கரண்டி சீனி மடித்து வையுங்கள். நடுக்கம், குளிர் வியர்வை, தடுமாற்றம் வந்தால் அதை உடனே தண்ணீரில் கரைத்துக் குடித்து, உட்கார்ந்து 15 நிமிடம் பார்க்க வேண்டும். சரியாகாவிட்டால் இன்னொரு தடவை.

தண்ணீர்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, தாகம் எடுக்க முன்பே. ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த நடைக்கு உப்புச் சீனிக் கரைசல் தேவையில்லை, பிரஷர் உள்ளவருக்கு அந்த உப்பு வேண்டாத விருந்தாளி. பிரஷருக்குச் சிறுநீர் போக்கும் குளிசை எடுக்கிறாரென்றால் வெயில் நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவரது டொக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வீட்டுக்கு வந்து ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இடி கேட்டாலும் நடக்கலாமா? தூரத்தில்தானே இடிக்கிறது.
– கொள்ளுப்பிட்டி

மின்னலைக் கண்டதிலிருந்து எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 எண்ண முன் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேலும் விழலாம். உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக்கூடாது. காலி முகத்திடல் போன்ற வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்பது நீங்கள் ஒருவர்தான். மரத்தடி, கடைத் தாழ்வாரம், பஸ் தரிப்பிடம் எதுவும் பாதுகாப்பில்லை. ஓட்டோவும் இல்லை, பக்கம் திறந்தது. கதவு மூடிய காரும் பஸ்ஸும் பாதுகாப்பு.

தென்மேல் பருவ மழையில் இடி குறைவு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான் "பி.ப. 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்ற வசனம் தினமும் வானொலியில் வரும். அந்த மாதங்களில் நடையைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். காலை வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

ரயில் பாதையோரமாக வெள்ளவத்தைக் கடற்கரையில் நடப்பது வழக்கம். மணலில் வெள்ளைக் குறுணி போல ஏதோ கிடக்கிறது. பிள்ளைகள் பொறுக்குகிறார்கள்.
– வெள்ளவத்தை

அது 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே கடலில் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து வந்த பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லிமீற்றர். கருகிக் கட்டியானவையும் அதோடு சேர்ந்து ஒதுங்கின. அந்தக் கப்பலில் நைத்திரிக் அமிலமும் வேறு இரசாயனங்களும் இருந்தன. வெறுங்கையால் தொட வேண்டாம், பொறுக்க வேண்டாம், வெறுங்காலோடு நடக்க வேண்டாம். தொட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், பயப்படத் தேவையில்லை.

ரயில் பாதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். ரயில் குறைந்திருந்த நாட்களில் வந்த பழக்கம் இது. இப்போது ரயில் ஓடுகிறது. அலைச் சத்தமும், எதிர்க்காற்றும், குடையில் விழும் மழையும் சேர்ந்தால் பின்னால் வரும் ரயில் காதில் விழாது. ஈரச் சிலிப்பர் கட்டை சவர்க்காரம் போல வழுக்கும். மரைன் டிரைவ் நடைபாதைக்கு ஏறுங்கள்.

எங்கள் பக்கம் மழை பெய்தால் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். அதைத் தாண்டித்தான் எங்கும் போக வேண்டும்.
– வெல்லம்பிட்டி

அடி தெரியாத தண்ணீரில் நடைப்பயிற்சிக்காக இறங்காதீர்கள். மூடி கழன்ற வடிகான் தண்ணீருக்குள் தெரியாது. கடைக்கோ மருந்துக்கோ இறங்கியே ஆக வேண்டுமானால் ஒரு தடியால் முன்னே தட்டிப் பார்த்து, ஒழுங்கையின் நடுவால் போங்கள். காலில் வெட்டு, கீறல், சேற்றுப்புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, பூட்ஸ் போடுங்கள். வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர்த்த வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காட்டும்: காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு. 2021இன் அந்த நாட்களில் எந்தக் காய்ச்சலையும் கொரோனா என்றே நினைத்துப் பலர் வீட்டில் படுத்திருந்தார்கள். வெள்ளத்தில் இறங்கியதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் பரசிட்டமோல் தவிர வேறு நோவுக் குளிசை எதையும் நீங்களாக எடுக்க வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்குக் கொரோனா வந்து மாறிவிட்டது. எங்கள் தனிமைப்படுத்தல் இன்னும் நான்கு நாளில் முடிகிறது. இருப்பது ஒரு சின்ன பல்கனி மட்டும். இப்போது என்ன செய்யலாம், முடிந்ததும் அவர் உடனே நடக்கலாமா?
– கிருலப்பனை

நான்கு நாளும் வாசலைத் தாண்டாதீர்கள், பொது மொட்டைமாடியும் வேண்டாம். பல்கனியில் ஆள் மாறி ஆள், தலைக்கு 30 நிமிடம். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை, சுவரில் கையூன்றித் தள்ளுவதைப் பத்துத் தடவை, நின்ற இடத்தில் ஐந்து நிமிட நடை. இதையே மூன்று முறை செய்தால் அரை மணித்தியாலம் போய்விடும். அறையின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், மழைச்சாரல் அடித்தால் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். பின்னேரமும் விடியலும் டெங்கு நுளம்பு கடிக்கும் நேரம். பல்கனிப் பூச்சாடித் தட்டுகளில் நிற்கும் தண்ணீரை இன்றைக்கே ஊற்றிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, ஈரம் பட்டதும் பொரிக்கும்.

நோய் வந்தவர் தனிமைப்படுத்தல் முடிந்த திகதியை எண்ணக்கூடாது. கடைசி அறிகுறி நின்ற நாளிலிருந்து ஏழு நாள் எண்ண வேண்டும். அதன்பின் இரண்டு வாரம் மெதுவான நடை மட்டும், ஏற்றமும் மாடிப்படியும் இல்லாமல். ஒரு நாள் நடந்து மறுநாள் எழும்ப முடியாத சோர்வு வந்தால் அடுத்த நடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நெஞ்சு நோவோ படபடப்போ இருந்தால் டொக்டரைக் கண்ட பிறகுதான் நடை. கிருலப்பனைக் கால்வாயோரம் சமதரை, முதல் நாளுக்கு நல்ல இடம். போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். குடை கையில் இருக்கட்டும்.